களமும் மனமும்: ஆறடி தூரம், நான்கு பிடிகள்!

1991, செப்டம்பர் 29. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள கியாவா தீவு. கடலோர கோல்ஃப் மைதானத்தின் கடைசிக் குழியைச் சுற்றி எள் போட்டால் விழாத கூட்டம். நடுவில் மட்டையும் கையுமாக ஒல்லியான ஒரு ஜெர்மானியர். பெயர் பெர்ன்ஹார்ட் லாங்கர். அவருடைய பந்துக்கும் குழிக்கும் இடையே ஆறடி.

அது ரைடர் கோப்பை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மோதும் போட்டி. மூன்று நாள்களில் மொத்தம் 28 ஆட்டங்கள். 27 முடிந்துவிட்டன. மிச்சம் இருப்பது லாங்கருக்கும் அமெரிக்காவின் ஹேல் இர்வினுக்கும் நடக்கும் ஆட்டம் மட்டும்தான். இந்தப் பந்து குழியில் விழுந்தால் 14-14 என்று சமன். ஏற்கெனவே வென்று வைத்திருக்கும் ஐரோப்பாவிடமே கோப்பை தங்கிவிடும். விழாவிட்டால் அமெரிக்காவுக்கு.

பந்து உருண்டது. குழியின் விளிம்பை ஒட்டிப் போய், அப்படியே தாண்டியது. லாங்கர் தலையைப் பின்னால் சாய்த்து, கண்களை இறுக மூடி, வாய்விட்டு அலறினார். அந்தப் புகைப்படம் இன்றைக்கும் கோல்ஃப் புத்தகங்களில் இருக்கிறது.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு, ‘ஆறடி ஒரு தூரமா?’ என்று தோன்றும். கேரம் ஆடியவர்களுக்குப் புரியும். பலகையின் அந்த மூலையிலிருந்து வெட்டி அடிக்கிற காய் விழுந்துவிடும். பாக்கெட் வாசலில் உட்கார்ந்திருக்கும் காய்தான் ஏமாற்றும். கோல்ஃபிலும் 250 கஜம் பறக்க அடித்தால் ஒரு அடி கணக்கு. மூன்றடி தூரம் தள்ளிவிட்டாலும் அதே ஒரு அடிதான். குழியின் வாய் நாலேகால் அங்குலம். இந்தக் கடைசித் தள்ளலுக்குப் பலம் வேண்டாம், வேகம் வேண்டாம். கை பதறாமல் இருந்தால் போதும்.

லாங்கரின் கை பதறும் என்பது அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை அல்ல, அதுவரை மூன்று முறை அவரைப் படுத்தி எடுத்திருந்த விஷயம் அது.

இதற்குப் பெயர் ‘யிப்ஸ்’. பல்லாயிரம் முறை செய்து பழகிய ஒரு சின்ன அசைவு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கையை விட்டுப் போய்விடும். மட்டை பந்தைத் தொடுகிற அந்தக் கணத்தில் மணிக்கட்டு வெடுக்கென்று துள்ளும். மூன்றடியில் இருக்கும் பந்து ஏழடி ஓடிவிடும். அடித்தவருக்கே, ‘இதை நானா செய்தேன்?’ என்று இருக்கும்.

கோல்ஃப் வீரர்கள் வைத்த பெயர்தான் இது. ஆனால், நோய் எல்லா ஆட்டத்துக்கும் பொது. 1984-85-ல் இந்தியா வந்த இங்கிலாந்து கிரிக்கெட் அணியில் ஃபில் எட்மண்ட்ஸ் என்ற இடக்கை சுழற்பந்து வீச்சாளர் இருந்தார். திடீரென்று அவருக்கு ஓடிவந்து பந்து வீச வரவில்லை. அந்தச் சுற்றுப்பயணத்தில் கிட்டத்தட்ட நின்ற இடத்திலிருந்தே வீசிச் சமாளித்தார். அமெரிக்க பேஸ்பாலில் ரிக் ஆங்கீல் என்ற 21 வயதுப் பையன், 2000-ம் ஆண்டு அக்டோபரில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து பந்துகளைத் தன் அணியின் கேட்சரால் கூடப் பிடிக்க முடியாதபடி எங்கெங்கோ எறிந்தான். அடுத்த தலைமுறையின் பெரிய பந்துவீச்சாளர் என்று கொண்டாடப்பட்டவன் அவன். எறியும் திறமை பழையபடி திரும்பவே இல்லை. ஆனால், ஆள் முடங்கிவிடவில்லை. பல ஆண்டுகள் உழைத்து, 2007-ல் மட்டையாளராக அதே அணிக்குத் திரும்பி வந்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் சிமோன் பைல்ஸுக்கு அந்தரத்தில் உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே தெரியாமல் போனதும் இதன் உறவுக்காரச் சிக்கல்தான்.

ஏன் வருகிறது? கோல்ஃப் வீரர்களை வைத்து இதை ஆராய்ந்தவர்களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக் முக்கியமானது. அவர்கள் சொல்வது, இதற்கு இரண்டு முனைகள் இருக்கின்றன என்பது. ஒரு முனையில் நரம்புச் சிக்கல். ஒரே அசைவை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்தவர்களின் மூளையில் அந்த அசைவுக்கான கட்டளை குழம்பிவிடுகிறது. பேனாவைப் பிடித்தால் மட்டும் விரல் இறுகிக்கொள்ளும் எழுத்தர்களுக்கும், வாத்தியத்தில் கை வைத்தால் மட்டும் விரல் மடங்கிக்கொள்ளும் இசைக் கலைஞர்களுக்கும் இதே கதைதான். மற்ற வேலைகளுக்குக் கை நன்றாகவே இருக்கும்.

மறு முனையில் பதற்றம். பூ கட்டும் அம்மாவைப் பாருங்கள். டி.வி-யில் கண், பேச்சில் வாய், விரல்கள் பாட்டுக்கு மல்லிகையைத் தொடுத்துக்கொண்டிருக்கும். ‘எந்த விரலால் நாரைச் சுற்றுகிறாய், மெதுவாகச் சொல்லு’ என்று கேளுங்கள்... முடிச்சு நழுவும். தானாக நடக்கிற வேலையை மனம் மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தால் வேலை கெடும். தோற்றுவிடுவோமோ என்ற பயம் வந்த ஆட்டக்காரர் செய்வது இதைத்தான். மட்டையை இறுக்கிப் பிடிக்கிறார். கையையே கண்கொட்டாமல் கவனிக்கிறார். பலருக்கு இரண்டு முனையும் கலந்தே இருக்கும். அதனால்தான் ‘தைரியமாக இரு, எல்லாம் சரியாகிவிடும்’ என்று முதுகில் தட்டுவதால் பெரிய பலன் இருப்பதில்லை. தைரியத்தை வரவழைப்பது எப்படி என்று யாரும் சொல்வதில்லையே!

லாங்கருக்கும் யாரும் சொல்லவில்லை. ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பா கொத்தனார். எட்டு, ஒன்பது வயதிலேயே பணக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் நடந்து காசு சம்பாதித்த பையன். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ‘கேடி’ என்று பெயர். நம் ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம். 15 வயதில் கோல்ஃபையே தொழிலாக எடுத்துக்கொண்டார். 18, 19 வயதில், வென்றால்தான் சாப்பாடு என்ற நிலையில் ஐரோப்பியப் போட்டிகளுக்குப் போனார். மெதுவாக உருளும் ஜெர்மன் புல்தரையில் பழகிய கைக்கு, தெற்கு ஐரோப்பாவின் வேகமான புல்தரை புதிது. லேசாகத் தொட்டாலே பந்து ஓடுகிறது. தொடப் பயந்தது கை. பிறகு தொடும்போதெல்லாம் துள்ள ஆரம்பித்தது.

நான்கு வருடம் போராட்டம். 1980-ல் ஸ்பெயினின் புகழ்பெற்ற வீரர் செவே பாலஸ்டெரோஸ் லாங்கரின் மட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, எடை போதாது என்றார். லாங்கர் சல்லிசான விலையில் பழைய மட்டை ஒன்றைத் தேடி வாங்கினார். அதே ஆண்டில் பிரிட்டனில் டன்லப் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். ஐரோப்பியத் தொடரில் ஒரு ஜெர்மானியர் வென்ற முதல் பட்டம் அது.

நோய் போய்விட்டது என்று நினைத்தால், 1980-களின் தொடக்கத்தில் மறுபடி வந்து நின்றது. இந்த முறை மட்டையை மாற்றவில்லை, பிடியை மாற்றினார். வலக்கைக்காரர்கள் பொதுவாக இடக்கையை மேலேயும் வலக்கையைக் கீழேயும் வைத்துப் பிடிப்பார்கள். லாங்கர் கைகளை இடம் மாற்றினார். அதிலும் ஒரு வேடிக்கை. தூரமான பந்துகளுக்குப் பழைய பிடி, குறுகிய தூரத்துக்குப் புதிய பிடி! ஒரே ஆட்டத்தில் ஒரே மனிதர் இரண்டு விதமாகப் பிடித்து ஆடினால் சுற்றியிருப்பவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? பார்த்தார்கள். அவர் 1985-ல் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்று பச்சைக் கோட்டுப் போட்டுக்கொண்டார். 1986 ஏப்ரலில் கோல்ஃபுக்கு முதன்முதலாக அதிகாரபூர்வ உலகத் தரவரிசை வெளியானபோது, முதல் பெயர் பெர்ன்ஹார்ட் லாங்கர்.

1988 வாக்கில் மூன்றாவது முறை. இதுதான் மோசமானது என்று சொல்ல வேண்டும். உலகின் முதலிடத்தைப் பார்த்துவிட்டு வந்தவரின் கை, இரண்டடி தூரத்தில் உதறியது. அப்போது அவர் கண்டுபிடித்த பிடியை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. இடக்கையை மட்டையின் தண்டில் நன்றாகக் கீழே இறக்கி, மட்டையின் கைப்பிடியை இடது முன்கையோடு ஒட்டவைத்து, முன்கையையும் கைப்பிடியையும் சேர்த்து வலக்கையால் கவ்விப் பிடித்தார். எலும்பு முறிந்த கைக்குச் சிம்பு வைத்துக் கட்டுவார்களே, பார்ப்பதற்கு அப்படியே இருக்கும். அழகு கொஞ்சமும் இல்லை. ஆனால், துள்ளுகிற மணிக்கட்டுக்கு இனி வேலையே இல்லை. தோள் அசைந்தால் மட்டை அசையும். மூளை குழப்பிவைத்திருந்த பழைய பாதையை விட்டுவிட்டு, புதிதாக ஒரு பாதை.

அந்தப் பிடியோடுதான் கியாவா தீவில் அவர் அந்த ஆறடிப் பந்தின் முன்னால் நின்றார்.

பந்து போக வேண்டிய நேர்வழியில், மற்ற ஆட்டக்காரர்களின் காலணி ஆணிகள் கிளறிவைத்த தடங்கள் இருந்தன. அவற்றை அழுத்திச் சரிசெய்ய அன்றைய விதி இடம் தரவில்லை. 2019-ல்தான் அந்த விதியைத் தளர்த்தினார்கள். பை தூக்கும் உதவியாளரோடு பேசி, கொஞ்சம் தள்ளி, நேராக, அழுத்தமாக அடிப்பது என்று முடிவு செய்தார். அடித்தார். தவறியது. ஐரோப்பா ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், 13½-14½ என்று தோற்றது.

பார்த்தவர்கள் பலருக்கு அது ‘மறுபடி கை உதறிவிட்டது’ கதைதான். ஆனால், அந்த வீடியோவை இன்று பார்த்தாலும் தெரியும். கை உதறவில்லை. மட்டை நிதானமாகப் போய், நிதானமாக வந்தது. எங்கே அடிக்க நினைத்தாரோ அங்கேதான் பந்தை அனுப்பினார். பந்து விழவில்லை, அவ்வளவுதான். நல்ல அடி அடித்தும் தவறுவதும், கையே தன் பேச்சைக் கேட்காமல் போவதும் ஒன்றல்ல. யிப்ஸ் வந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது. முதலாவது ஆட்டம், இரண்டாவதுதான் நோய். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பரீட்சையில் மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம், ‘எழுத முடிந்ததா?’ என்று கேட்காமல், ‘எவ்வளவு?’ என்று மட்டும் கேட்பது போல.

கியாவாவில் தோற்ற லாங்கர் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டுட்கார்ட்டில், சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால், ஜெர்மன் மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசிக் குழியில் நின்றார். இந்த முறை பதினைந்து அடி. விழுந்தால் பிளே-ஆஃபுக்கு வாய்ப்பு. ஆறடியே தவறி ஏழு நாள்தான் ஆகியிருந்தது. அது மனதில் வராமலா இருந்திருக்கும்? அதே விநோதப் பிடி, அதே நிதானம். பந்து விழுந்தது. பிளே-ஆஃபில் ஆஸ்திரேலியாவின் ராட்ஜர் டேவிஸை வீழ்த்திப் பட்டமும் வென்றார். 1993-ல் அகஸ்டாவில் இரண்டாவது பச்சைக் கோட்டு, நான்கு அடி வித்தியாசத்தில்.

கதை அதோடு முடிந்திருந்தால் சினிமாவாக இருந்திருக்கும். 1990-களின் நடுவில் நான்காவது முறையாக நோய் வந்தது. லாங்கர் அலுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால், நெஞ்சு உயரத்துக்கு நீண்ட ஒரு மட்டையை எடுத்துக்கொண்டார். கோல்ஃப் உலகில் அதற்குத் ‘துடைப்பக்கட்டை’ என்று கேலிப் பெயர். ஒரு கையை நெஞ்சருகே நிலைநிறுத்தி, கடிகாரப் பெண்டுலம் போல மறு கையால் ஆட்டிவிடுவது. ஐம்பது வயதானதும் அதோடு சீனியர் போட்டிகளுக்குப் போய் வென்று குவித்தார். 2016-ல் மட்டையை உடம்பில் ஊன்றி ஆடக் கூடாது என்று விதி வந்தது. கையை நெஞ்சிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டு தொடர்ந்தார். உண்மையிலேயே விலக்குகிறாரா என்று டி.வி-யில் பார்த்தவர்கள் சந்தேகப்பட, விதிமீறல் எதுவும் இல்லை என்று கோல்ஃப் அமைப்பே அறிக்கை விட வேண்டியிருந்தது.

2023 ஜூலையில், 65 வயதில், அமெரிக்க சீனியர் ஓப்பனை வென்றார். சீனியர் தொடரில் அது 46-வது வெற்றி, புதிய சாதனை. அதற்குமுன் 45 வெற்றிகளோடு முதலிடத்தில் இருந்தவர் யார் தெரியுமா? கியாவா தீவில் அந்த ஆறடிப் பந்து உருண்டபோது எதிரே நின்றிருந்த அதே ஹேல் இர்வின்.

2024 பிப்ரவரியில் பிக்கிள்பால் விளையாடப் போய்க் குதிகால் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை முடிந்து மே மாதமே மைதானத்துக்கு வந்துவிட்டார். நவம்பரில், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில், சீனியர் தொடரின் ஆண்டுக் கடைசிப் போட்டி. கடைசிக் குழி. 67 வயது லாங்கர் அந்தத் துடைப்பக்கட்டையோடு நின்றார். இந்த முறை தூரம் சுமார் முப்பது அடி. விழுந்தால் பட்டம். மட்டை ஒருமுறை பின்னால் போய் முன்னால் வந்தது. பந்து உருண்டு, உருண்டு, குழிக்குள் இறங்கியது. 47-வது.