பந்தயக் காருக்கு நபிவழியில் ஆதாரமா?

ஜெர்மனியின் போர்ஷே 911 கார்களில் பழைய கரேராவை வாங்குவதா, பந்தயத் தளத்திற்கென்றே உருவான ஜிடி3 ஆர்எஸ்ஸை வாங்குவதா என விவாதிக்கும் நம் வளைகுடா இளைஞர்களில் சிலர், இரண்டாவதற்கு மார்க்க ஆதாரமும் காட்டுகின்றனர். நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தவில்லையா என்பது அவர்களின் வாதம்.

நடத்தினார்கள்; மறுப்பதற்கில்லை. விரைவு வாகனம் என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்களும் அதை அறிய வேண்டும். ஆனால் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் அச்செய்தியை முழுமையாக வாசிக்க வேண்டாமா? மெலிய வைத்துப் பயிற்றப்பட்ட குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. பயிற்றப்படாதவை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டுமே ஓடின. எல்லை குறிக்கப்பட்டிருந்தது, வகை பிரிக்கப்பட்டிருந்தது. மதீனாவின் கடைத்தெரு அதற்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

2003-இல் வந்த ஜிடி3 ஆர்எஸ்ஸும் மெலிய வைத்த குதிரைதான். எடையைக் குறைக்கப் பின்னிருக்கைகள் நீக்கப்பட்டன. பின்புறக் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக். உள்ளே இரும்புக் கூண்டு. துபாய் ஆட்டோடிரோமில் அதற்கு வேலை உண்டு. ஜுமுஆவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல அதில் இடமேது? 1997-இல் வந்த கரேராவிலோ சிறுவர் அமரப் பின்னிருக்கைகள் இரண்டு உண்டு. வேகத்திலும் அது எளியதன்று.

தளத்தில் ஓட்டுவோர் ஆர்எஸ்ஸை வாங்கட்டும், வட்டிக்கடன் இன்றி. நள்ளிரவில் குடியிருப்புகளை அதிரவைக்க வாங்குவோர், நடையில் நிதானத்தையும் குரலில் தாழ்வையும் லுக்மான் தம் மகனிடம் ஏன் ஒருசேர வேண்டினார் என்று குர்ஆனைத் திறந்து பார்க்கட்டும்.