எடுக்காத களவுக்கு மறியல்

என் மனுசன் களவெடுக்கவில்லை. இதை நான் எந்த வாசலில் நின்று கத்தினாலும், கேட்க வேண்டிய நீதிபதியின் கையை அமெரிக்கச் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது.

சாமானை நாங்களே மெஷினில் காட்டிக் காசு கட்டுகிற கடை அது. மேலே இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். வண்டியின் கீழ்த்தட்டில் கிடந்த அரிசி மூட்டையை மறந்துபோனார். வாசலில் மறித்ததும் பேர்ஸைத் திறந்து காசை நீட்டினார். வந்த பொலிஸ்காரன் கேட்டது அவருக்கு விளங்கவில்லை. விளங்காததற்கெல்லாம் தலையாட்டுகிற பழக்கம், ஆட்டினார். விலங்கு போட்டார்கள். பிறகு கமெராப் படத்தைப் பார்த்த அரச வழக்கறிஞரே வழக்கைக் கைவிட்டார். ஆனால் ஆள் வீட்டுக்கு வரவில்லை. ஜெயில் வாசலிலேயே குடிவரவுக்காரர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

லேக்கன் ரைலி சட்டமாம். 2025 ஜனவரி 29ஆம் தேதி ட்ரம்ப் கையெழுத்திட்டது. அனுமதியில்லாமல் வந்தவர் கடைத்திருட்டு, களவு, வீடுடைப்பு என்று ஏதாவது ஒன்றில் கைதானாலே போதும், அடைத்தே ஆகவேண்டும், பிணை கிடையாது. தீர்ப்பு வரும்வரை பொறுக்கத் தேவையில்லை. முன்பென்றால் குடிவரவு நீதிபதி முன்னால் நிற்கலாம். இவன் ஓடிப்போவானா, ஊருக்கு ஆபத்தானவனா என்று அவர் விசாரித்து முடிவெடுப்பார். அந்த விசாரணையைத்தான் பிடுங்கிவிட்டார்கள்.

2024 பெப்ரவரியில் ஜோர்ஜியாவில் ஒரு நர்சிங் மாணவியைக் கொன்றானே பாவி, அந்தப் பிள்ளையின் பெயர்தான் சட்டத்துக்கு. அவளைப் பெற்ற தாயின் வயிறு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும், நானும் பிள்ளை பெற்றவள். கொன்றவனுக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை அந்த வருடமே கொடுத்தாயிற்று. அவன் முன்பு கடைத்திருட்டில் பிடிபட்டவன் என்பதற்காக, அரிசி மூட்டையை மறந்த என் மனுசன் அவனோடு ஒரே கணக்கா?

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ஏன் ஓடி வந்தோம்? 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் சந்தேகத்தின் பேரிலேயே பிடிக்கும். 2022 வரை, குற்றச்சாட்டே இல்லாமல் 18 மாதம் வரை உள்ளே வைக்க அதில் இடமிருந்தது. இவரின் அண்ணனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அங்கே சந்தேகம் போதும், இங்கே கைது போதும். எல்லையில் நாங்களாகவே சரணடைந்து, அகதி வழக்குப் போட்டு, கூப்பிட்ட தவணைக்கெல்லாம் தவறாமல் போய் நின்ற சனம் நாங்கள். ஓடி ஒளியவா வந்தோம்?

கையில் காசில்லை என்றால் கொலைக் குற்றவாளிக்குக்கூட இந்த நாட்டில் அரச செலவில் ஒரு வழக்கறிஞர் உண்டு. குடிவரவுத் தடுப்பில் இருப்பவருக்கு அதுவும் இல்லை, சொந்தக் காசில் வைக்க வேண்டும். உழைக்கிற ஒரே ஆளை அடைத்துவிட்டு யாரிடம் காசு கேட்கிறீர்கள்? என் தாலிக்கொடி அடகுக்குப் போய்விட்டது. மூன்று வயதுப் பிள்ளை ஃபோனில் தகப்பனின் முகத்தைக் கண்டால் திரையைச் சுரண்டுகிறது. பேச்சுக்கும் காசு, காசு முடிந்தால் பாதியில் அறுந்துவிடும்.

இந்தச் சட்டத்தைச் செனட்டில் 64 பேர் ஆதரித்தார்கள், அதில் 12 பேர் ஜனநாயகக் கட்சிக்காரர். தேர்தலில் தோற்ற பயத்தில் எங்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இனி எந்த முகத்தோடு எங்கள் தெருவுக்கு வருவார்கள்?

களவெடுத்தார் என்றால் மன்றில் நிறுத்துங்கோ, கமெராப் படத்தைப் போட்டுக் காட்டுங்கோ, தீர்ப்பு எழுதுங்கோ. அது முடியாதென்றால் ஒரு நீதிபதி முன்னால் அரைமணி நேரம் நின்று பிணை கேட்க விடுங்கோ. அதுவும் முடியாதென்றால், இல்லாத வழக்குக்கு என் மனுசனை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று எழுத்தில் தாருங்கோ.