சக்கரக் குதிரை

யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. யந்திரம் வைத்திருப்பவர்களையும் அப்படியே கேட்கலாம். வாங்குகிற அன்றைக்கு ஊரே வந்து பார்க்கும். அது மக்கர் செய்கிற அன்றைக்கு ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். ஆகவே யந்திரத்தை வாங்குவதைக் காட்டிலும், வாங்கியதைக் காப்பாற்றத் தெரிந்தவர்களிடத்தில்தான் எனக்கு மதிப்பு அதிகம். அப்படிப்பட்ட ஒரு கிழவரை அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்தில் சந்தித்தேன். அவரையும், அவருடைய பேரனையும், அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்ற ஒரு சிவப்பு டிராக்டரையும் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

டிராக்டர் என்றதும் நேயர்கள் நஞ்சைக் காட்டில் சேறடிக்கும் பெரிய யந்திரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது அதற்குக் கடைசித் தம்பி. அமெரிக்கர் பலருக்கு வீட்டைச் சுற்றி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் புல்தரை உண்டு. கோடையில் அந்தப் புல்லை வெட்டவேண்டும். வசந்தத்தில் காய்கறிப் பாத்தியை உழவேண்டும். குளிர்காலத்தில் வாசலில் முழங்கால் உயரம் விழும் பனியைத் தள்ளவேண்டும். இத்தனைக்கும் ஆள் வைத்துக் கட்டுப்படியாகாது. அதற்காகப் பிறந்ததுதான் தோட்ட டிராக்டர்.

இதன் பூர்வோத்தரம் சுவையானது. மேற்கு விர்ஜீனியாவில் பெஞ்சமின் கிரேவ்லி என்று ஒருவர் இருந்தார். தொழில் புகைப்படம் எடுப்பது, பொழுதுபோக்கு தோட்டம். கையால் தள்ளும் கலப்பையோடு மல்லாடி அலுத்துப்போய், 'இந்தியன்' மோட்டார் சைக்கிளின் எஞ்சினை அதில் பொருத்தினார். அந்த மோட்டார்க் கலப்பைக்கு 1916-ல் காப்புரிமை கிடைத்தது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபின் இந்தியானாவின் சௌத் பெண்டு நகரத்தில் பாண்டு என்ற தகப்பனாரும் பிள்ளையும் 1946-ல் சின்ன டிராக்டர்கள் செய்யத் தொடங்கினார்கள். அவர்களுடைய யந்திரத்துக்கு வாய்த்த பெயர் 'வீல் ஹார்ஸ்', அதாவது சக்கரக் குதிரை. பல ஜோடிக் குதிரைகள் பூட்டிய வண்டியில் சக்கரத்தை ஒட்டிப் பூட்டப்படுவதற்கு அந்தப் பெயர். முன்னே செல்லும் குதிரைக்குப் பார்வை அதிகம்; பளு முழுவதும் தாங்குவது சக்கரக் குதிரைதான். கூட்டுக் குடும்பங்களில் இத்தகைய குதிரைகளை நாமும் பார்த்திருக்கிறோம்.

இதைக் கண்டு பெரிய கம்பெனிகளும் இறங்கின. இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961-ல் 'கப் காடெட்' டிராக்டரைக் கொண்டுவந்தது; ஜான் டீர் 1963-ல் '110' என்பதைக் கொண்டுவந்தது. வீல் ஹார்ஸ் 1974-ல் அமெரிக்கன் மோட்டார்ஸ் வசமாகி, 1986-ல் டோரோ கம்பெனிக்குப் போயிற்று. 2007-ல் அந்தப் பெயரையே விட்டுவிட்டார்கள். பெயர் போயிற்றே தவிர, குதிரைகள் போகவில்லை. கொட்டகைகளில் இன்றும் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன, கிளப்பினால் ஓடுகின்றன.

* * *

நான் தங்கியிருந்த உறவினர் வீட்டுக்கு அடுத்த வீடு அந்தக் கிழவருடையது. அவருடைய டிராக்டரை 1976-ல் அவர் தகப்பனார் வாங்கினாராம். சிவப்பு வர்ணம் மங்கியிருந்தது. ஆசனத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. ஆனால் சாவியைத் திருப்பியவுடன், தூக்கத்திலிருந்து எழுந்த பாட்டியைப்போல் இரண்டு முறை கனைத்துவிட்டு, வேலைக்குத் தயாராகிவிட்டது.

"இதில் என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

"விசேஷம் ஒன்றும் இல்லை என்பதுதான் விசேஷம். எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம்" என்றார்.

உண்மைதான். அதில் இருந்தது கோலர் கம்பெனியின் 12 குதிரை சக்தி எஞ்சின், ஒரே சிலிண்டர், உடல் முழுதும் வார்ப்பிரும்பு. பெட்ரோலையும் காற்றையும் கலக்கக் கார்புரேட்டர், கலவையைக் கொளுத்தத் தீப்பொறி, அழுத்தம் பிடிக்கப் பிஸ்டன்: இந்த மூன்றும் சரியாக இருந்தால் அது ஓடியே தீரவேண்டும். ஓடாவிட்டால் மூன்றில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்று கண்டுபிடிப்பதுதான் வைத்தியம்.

கிழவரிடம் நான் கற்ற பாடங்களில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதல் பாடம் பெட்ரோல். அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்துக்கு ஒரு பங்கு எதனால் கலந்திருக்கும். எதனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர்க் குழாயைக் கெடுக்கும். குளிர்காலம் முழுவதும் தொட்டியில் கிடந்த பெட்ரோல், கார்புரேட்டரின் நுண்ணிய துவாரங்களில் பிசினாகப் படிந்துவிடும். வசந்தத்தில் டிராக்டர் கிளம்ப மறுத்தால் பாதி வழக்கு இங்கேதான் தீர்ந்துபோகும். ஆகையால் நிறுத்தி வைக்குமுன் தொட்டியை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதும் தீரும்வரை ஓட்டிவிடவேண்டும். கழற்றிச் சுத்தம் செய்கிறவர்கள் ஊசித் திருகுகளை முடுக்கும்போது, அடி தட்டுகிறதா என்று விரலால் உணர்ந்து, உடனே நிறுத்தவேண்டும். பலத்தைக் காட்டினால் ஊசியின் முனை மழுங்கிவிடும். பிறகு எத்தனை முறை திருகினாலும் கலவை சரிப்படாது.

இரண்டாவது பாடம் தீப்பொறி. இந்தப் பழைய எஞ்சின்களில் 'பாயிண்டு' என்ற இரண்டு சின்ன உலோகக் குமிழ்கள் சேர்ந்து சேர்ந்து பிரிகின்றன. பிரியும் தருணத்தில்தான் பொறி பிறக்கிறது. அவை பிரிந்து நிற்கும் இடைவெளி 0.020 அங்குலம், ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி 0.035 அங்குலம். ஈரக் கொட்டகையில் நின்றால் குமிழ்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத களிம்பு ஏறிவிடும். ஒரு துண்டு அட்டையை நடுவில் கொடுத்து இழுத்தாலே பல சமயம் செத்த எஞ்சின் பிழைத்துவிடும். இதைச் செய்து காட்டிவிட்டுக் கிழவர் என்னைப் பார்த்த பார்வையில், நாடி பிடித்தே நோயைச் சொல்லிவிட்ட வைத்தியரின் பெருமை இருந்தது.

மூன்றாவது பாடம்தான் முக்கியமானது. அதைக் கிழவர் எனக்குச் சொல்லவில்லை. தம் பேரனுக்குச் சொன்னார். சொல்லவேண்டிய சந்தர்ப்பம் அப்படி வந்தது.

* * *

பேரனுக்குப் பதினேழு வயது. பதினேழு வயதில் எந்த யந்திரமும் போதுமான வேகத்தில் ஓடுவதாகத் தோன்றாது. அந்தப் பக்கத்துத் திருவிழாச் சந்தைகளில் தோட்ட டிராக்டர்களுக்குப் பளு இழுக்கும் போட்டி நடக்கும். யந்திரம் முன்னேற முன்னேறப் பின்னால் கட்டிய சறுக்கு வண்டியின் பாரம் கூடிக்கொண்டே போகும். அதிக தூரம் இழுத்தவனுக்கு ஜயம். சிவப்புக் குதிரையை அந்தப் போட்டிக்குக் கொண்டுபோகவேண்டும் என்று பையனுக்கு ஆசை. அதற்குக் குறுக்கே நின்றது கவர்னர்.

கவர்னர் என்றால் மாளிகையில் வசிப்பவர் என்று நினைக்கவேண்டாம். இவர் எஞ்சினுக்குள் எண்ணெயில் குளித்துக்கொண்டு ஓயாமல் வேலை செய்கிறவர். சுழலும் இரண்டு எடைக்கட்டிகள். வேகம் அதிகமானால் அவை வெளிப்புறம் விரிந்து, நெம்புகோலைத் தள்ளி, கலவை போகும் வழியைச் சுருக்கும். பளு ஏறி வேகம் குறைந்தால், ஒரு வில்சுருள் அந்த வழியை மறுபடியும் திறந்துவிடும். இந்த எஞ்சினுக்கு நிமிஷத்துக்கு 3600 சுற்று என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போகாமல் காப்பது இவருடைய உத்தியோகம்.

ஒரு நாள் சாயங்காலம், தாத்தா உள்ளே இருந்த சமயம், பையன் ஒரு கம்பியால் அந்த நெம்புகோலை இழுத்துக் கட்டிவிட்டு எஞ்சினைக் கிளப்பினான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். முதலில் அது உறுமிற்று; பிறகு வீறிட்டது. அடுத்த கணம் கிழவர் ஓடிவந்து சாவியைத் திருப்பி அணைத்தார். அந்த வயதில் ஒருவர் அவ்வளவு வேகமாக ஓடியதை நான் பார்த்ததில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. பையனை அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "நாளைக் காலையில் கழற்றிப் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் என்னையும் அழைத்தார்கள். எஞ்சினின் ஒரு புறத்தில் ப்ளைவீல் என்ற கனத்த வார்ப்பிரும்புச் சக்கரம் இருக்கிறது. அதன் விட்டம் ஒன்பது அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 3600 சுற்றில் அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 96 மைல் வேகத்தில் ஓடுகிறது. சுற்று இரண்டு மடங்கானால், சக்கரத்தைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும். இழுப்பை அவ்வளவாகத் தாங்காது. உடைந்தால் துண்டுகள் பீரங்கிக் குண்டுகள்தாம். அதனால்தான் வேகம் கூட்டி இழுக்கிற போட்டிக்காரர்கள் எஃகினால் கடைந்த ப்ளைவீலைப் போட்டு, அதைச் சுற்றிக் கனத்த கவசமும் கட்டுகிறார்கள்.

கிழவர் மரையை இரண்டு சுற்றுத் தளர்த்தி, சக்கரத்தில் இருக்கும் திருகு துவாரங்களில் இழுப்பானைப் பொருத்தி, நிதானமாக முடுக்கினார். 'டக்'கென்று சத்தம் கேட்டது, சக்கரம் விட்டுக்கொடுத்தது. அதைத் துடைத்து, மண்ணெண்ணெய் பூசிச் சற்று நேரம் ஊறவிட்டார். மறுபடியும் துடைத்து உலர்த்தி, சுண்ணக்கட்டித் தூளைத் தூவினார். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைத் தூளில் கோடு போடும். ஆயிரம் டாலர் கருவிகள் வருவதற்கு முன் ரயில்வேப் பட்டறைகளில் செய்த பரீட்சை இது.

மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நடுத் துவாரத்தில் சாவிப்பள்ளத்தின் மூலையிலிருந்து மயிரிழைபோல் ஒரு கறுப்புக் கோடு புறப்பட்டது. ஓர் அங்குல நீளம் வந்து நின்றது.

பையன் நடுங்கிவிட்டான். "தாத்தா, இது நேற்று நான் செய்ததா?" என்று கேட்டான்.

கிழவர் வெகு நேரம் பேசவில்லை. கோட்டின் மேல் நகத்தை ஓட்டினார். உள்ளே பழைய துரு இருந்தது.

"இல்லை. இது துருவேறிய விரிசல், நேற்றையது அல்ல. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் இதைக் கழற்ற இழுப்பான் இல்லாமல் சம்மட்டியால் அடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிச்சமாகும் என்று நினைத்தேன். இத்தனை வருஷமும் உன் அப்பனும், அத்தையும், நீயும் இதன் பக்கத்தில் உட்கார்ந்து புல் வெட்டியிருக்கிறீர்கள்" என்றார். சற்றுப் பொறுத்து, "கவர்னர் இருந்தபடியால் பிழைத்தீர்கள்" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

* * *

அப்படியானால் பழைய யந்திரத்தில் எதையும் மாற்றக்கூடாதா? அது கிழவருடைய அபிப்பிராயம் அல்ல. எந்த மாற்றம் பாதுகாப்பைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று கேட்டுவிட்டுச் செய் என்பதே அவர் கட்சி.

ஓட்டுகிறவர் ஆசனத்திலிருந்து எழுந்தால் தானே எஞ்சின் நிற்கும்படி ஒரு சுவிட்சு இந்தக் காலத்து டிராக்டர்களில் உண்டு. பழையவை பலவற்றில் இல்லை. அதை வைப்பது நல்ல மாற்றம். பாயிண்டுக்குப் பதிலாக மின்னணுப் பற்றவைப்பு, பெட்ரோல் குழாயில் ஒரு வடிகட்டி, முன்விளக்குக்கு எல்.இ.டி: இவையும் நல்லவை. எஞ்சின் அடியோடு தேய்ந்துபோனால் புதிய எஞ்சினை ஏற்றுகிறவர்களும் உண்டு. அவர்கள் தண்டின் கனத்தை முதலில் அளக்கவேண்டும். பழைய 12 குதிரை சக்திக் கோலரின் தண்டு ஒன்றே கால் அரைக்கால் அல்ல, ஒன்றே அரைக்கால் அங்குலம். புதியவை பல ஓர் அங்குலம். அளக்காமல் வாங்கிவிட்டுக் கப்பியோடு மல்லுக்கு நிற்பவர் அநேகர்.

கெட்ட மாற்றத்துக்கு ஓர் உதாரணம்: புல் விரைவாக வெட்டட்டும் என்று எஞ்சினில் பெரிய கப்பி போடுவது. வெட்டும் அலகின் நுனி நிமிஷத்துக்கு 19,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்கத் தர விதி இருக்கிறது. அதாவது மணிக்குச் சுமார் 215 மைல். அதைத் தாண்டினால், அலகில் பட்ட கூழாங்கல் யார் வீட்டு ஜன்னலைத் தேடிப் போகும் என்று சொல்ல முடியாது.

அந்த வாரமே பழைய டிராக்டர்களைப் பிரித்து விற்கும் ஒருவரிடமிருந்து வேறொரு ப்ளைவீல் வந்தது. அதற்கும் மண்ணெண்ணெய், சுண்ணக்கட்டிப் பரீட்சை நடந்தது. இம்முறை தூளைத் தூவியவன் பேரன். கோடு விழவில்லை. பிறகும் சந்தேகம் தீராமல் அவன் இன்னொரு தடவை செய்து பார்த்தான். போட்டிக்குப் போனானா என்று நேயர்கள் கேட்கலாம். போனான், கவர்னரைத் தொடாத யந்திரங்களுக்கென்று உள்ள பிரிவில் இழுத்தான். நான்காவதாக வந்தான்.

விரிசல் விட்ட பழைய சக்கரத்தைக் கிழவர் எறியவில்லை. கொட்டகைச் சுவரில், சம்மட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் அது என்னவென்று கேட்டால் பேரன்தான் பதில் சொல்கிறான். யார் சம்மட்டியால் அடித்தார்கள் என்பதை மட்டும் அவன் சொல்வதில்லை. ஒவ்வொரு தடவையும் கிழவரே முன்வந்து சொல்லிவிடுகிறார்.