குறியெண் குதிக்கிறது, பட்டறை காத்திருக்கிறது

2025 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 6 ஆம் நாள். ரிசர்வ் வங்கியின் ஆளுநர் சஞ்சய் மல்கோத்ரா மும்பையிலிருந்து ஓர் அறிவிப்பை வெளியிட்டார். ஆறு விழுக்காடாக இருந்த ரிப்போ வட்டி ஐந்தரை ஆயிற்று. அன்று மாலைக்குள் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியெண் ஏறத்தாழ 747 புள்ளிகள் ஏறி, 82,000-ஐத் தாண்டி நின்றது. தலால் தெருவிலே தாளம். தரகர் மனையிலே மேளம்!

தோழர்களே! குறியெண் குதித்ததிலே நமக்குக் கோபமில்லை. குதித்த குறியெண்ணைக் காட்டி, நாடே குதிக்கிறது காண்பீர் என்கிறார்களே, அங்கேதான் நாம் குறுக்கிட வேண்டியிருக்கிறது.

ரிப்போ என்பது யாது? வங்கிகளுக்குக் கைப்பணம் குறையும்போது, அரசுக் கடன் பத்திரங்களை ஈடு வைத்து, ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலக் கடன் வாங்குகின்றன. அந்தக் கடனுக்கான வட்டியே ரிப்போ. வங்கிகளுக்கெல்லாம் வங்கியாக இருப்பது விலையைக் குறைத்தால், கீழே உள்ள கடைகளிலும் விலை இறங்கும் என்பது கணக்கு.

பங்குச் சந்தை ஏன் துள்ளுகிறது? காரணம் மூன்று. கடன் வாங்கித் தொழில் நடத்தும் நிறுவனங்களின் வட்டிச் செலவு குறையும், இலாபம் கூடும். வைப்புத் தொகைக்கு வட்டி குறைவதால், சேமிப்புப் பணம் பங்குகளை நாடி ஓடும். மூன்றாவது நுட்பமானது: ஏழு விழுக்காடு தரும் பழைய பத்திரத்தை ஒரு வங்கி வைத்திருக்கிறது, புதிய பத்திரம் ஆறுதான் தரும் என்றால், பழையதற்குக் கிராக்கி ஏறும், விலை உயரும். வங்கியின் பெட்டியிலே உறங்கிய பத்திரம் ஒரே நாளில் பருத்துவிடுகிறது! ஆனால் அதே வங்கிக்கு ஒரு தலைவலியும் உண்டு. கொடுத்த கடனுக்கு வட்டி உடனே குறைகிறது. வாங்கிய வைப்புக்குப் பழைய வட்டியைத் தவணை முடியும்வரை கொடுத்தாக வேண்டும்.

இனி மறைமலை நகருக்கு வருவோம். தனித்தமிழ் கண்ட அடிகளாரின் பெயர் தாங்கிய ஊர். ஒரகடம், திருப்பெரும்புதூர் வரை நீளும் தொழில் மண்டலத்தில் பெரிய ஆலைகளின் பெயர்ப் பலகைகள் வானை முட்டுகின்றன. அவற்றின் நிழலிலே, லேத் இயந்திரம் நான்கு, தொழிலாளர் பத்துப் பேர் என்று இயங்கும் பட்டறைகள். அத்தகைய பட்டறை ஒன்று, ரிப்போவோடு பிணைத்த வட்டியில் இருபது இலட்சம் ரூபாய் வங்கிக் கடன் பெற்றிருப்பதாகக் கொள்வோம். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிப்போ நான்கிலிருந்து ஆறரைக்கு ஏறியது. பட்டறைக்கு ஆண்டுச் சுமை ஐம்பதாயிரம் ரூபாய் கூடியது. 2025 டிசம்பரில் அது ஐந்தேகாலுக்கு இறங்கியபோது திரும்பி வந்தது இருபத்தையாயிரம். ஏறியது இரண்டரை, இறங்கியது ஒன்றேகால்! கொரோனாக் காலத்து நான்கு விழுக்காடு அசாதாரணமானது என்பர், உண்மைதான். விலைவாசித் தீயை அணைக்க வட்டியை ஏற்றினோம் என்பர், அதையும் மறுப்பதற்கில்லை. அரிசி விலை ஏறினால் முதலில் வாடுவது ஏழையின் வயிறு அன்றோ!

எனினும் வட்டி இறங்கினால் தொழில் தானே செழிக்கும் என்கிறார்களே, அதற்கு மறைமலை நகரே மறுமொழி கூறும். 2021 செப்டம்பர்: ரிப்போ நான்கு விழுக்காடு. அந்தத் திங்கள் 9 ஆம் நாள், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு நிறுவனம் அறிவித்தது. அதே திங்கள் 24 ஆம் நாள், சென்செக்ஸ் வரலாற்றிலேயே முதன்முறையாக 60,000 புள்ளிகளுக்கு மேல் முடிவுற்றது. வட்டி தாழ்ந்திருந்தது, குறியெண் உயர்ந்திருந்தது, ஆலையின் கதவோ சாத்தப்பட்டது! 2022-இல் கடைசிக் காரும் வெளியேறியது. அங்கே இன்ஜின் செய்வதற்கு 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசோடு ஃபோர்டு ஒப்பந்தம் செய்தது. இடைப்பட்ட ஆண்டுகளை அந்த ஆலையை நம்பியிருந்த பட்டறைக்காரனுக்கு எந்தக் குறியெண் திருப்பித் தரும்?

பட்டறைக்கு வேண்டியது இரண்டு: தொடர்ந்து வரும் ஆர்டர், செய்து கொடுத்த சரக்குக்குக் காலத்தே வரும் பணம். பெரிய நிறுவனம் பில் தொகையைத் தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள் இழுத்தடித்தால், அதுவரை வட்டி கட்டுகிறவன் சிறியவன்தானே? பெரியவனுக்குச் சிறியவன் கடன் கொடுக்கிறான், அதுவும் வட்டியில்லாமல்!

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்கிறது 2006 ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக! 2025 டிசம்பர்க் குறைப்புக்குப் பின் வங்கி வீதம் ஐந்தரை; மும்மடங்கு பதினாறரை. கத்தி கூர்மையாகத்தான் இருக்கிறது. உறையிலிருந்து உருவ அஞ்சுகிறான் பட்டறைக்காரன். புகார் செய்தால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற அச்சம்!

வட்டியை முடிவு செய்யும் குழுவில் அறுவர். மூவர் ரிசர்வ் வங்கியினர். மூவர் மத்திய அரசு அமர்த்தியவர்கள். மாநிலங்களுக்கு நாற்காலி இல்லை. கார் செய்யும் மாநிலத்தின் குரல் காதில் விழாமலே காரின் கடன் வட்டி முடிவாகிறது. அந்த நாற்காலியைக் கேட்பது நமது உரிமை. அது வரும்வரை கைகட்டி இருப்பதோ நமக்கு அழகன்று.

செய்யத்தக்கவை உண்டு. 2019 அக்டோபர் முதல் வணிக வங்கிகள் சிறு தொழில்களுக்கு மாறும் வட்டியில் தரும் புதிய கடன் வெளி அளவுகோலோடு பிணைக்கப்பட வேண்டும். மூன்று திங்களுக்கு ஒருமுறையேனும் வட்டி திருத்தப்பட வேண்டும். பழைய முறையில் சிக்கியிருப்போர் மாறிக்கொள்ளக் கேட்கலாம். நிதி நிறுவனங்களில் கடன் பட்டோருக்கு இந்தப் பிணைப்பு இல்லை. அவர்களுக்கு வங்கிக் கதவைத் திறக்க வைப்பது நம் வேலை. 1949 முதல் இயங்கும் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்தின் கதவையும் தட்டுவோம். தனி ஒருவன் புகார் செய்ய அஞ்சுகிறான் எனில், பட்டறையினர் சங்கமாகத் திரண்டு, வசதியாக்கல் மன்றத்தின் முன் தாமதக் கணக்கை வைக்கட்டும். அவர்களுக்குத் துணையாக நம் கிளைக் கழகங்கள் நிற்கட்டும்.

அடுத்த முறை வட்டிக் குறைப்புச் செய்தி வரும்போது, தோழர்களே, சென்செக்ஸ் எத்தனை புள்ளி ஏறியது என்று கேளாதீர். மறைமலை நகர்ப் பட்டறையில் எத்தனை நாள் பில் நிலுவையில் நிற்கிறது என்று கேளுங்கள். நாட்டின் நாடித் துடிப்பு அங்கேதான் கேட்கும்!