மூணு ராத்திரியில் பதினெட்டு இடமா?

இறுதியாண்டு மக்களே, ப்ராஜெக்ட் வைவா முடிஞ்சதும் எங்கே போறதுன்னு பேச்சு ஆரம்பிச்சாச்சு. முன்னாடி கோவா, இப்போ சிங்கப்பூர். தப்பே இல்லை. சென்னையிலிருந்து விமானத்தில் நாலு மணி நேரச் சொச்சம். அங்கே நாலு ஆட்சி மொழிகளில் தமிழும் ஒன்று. முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு நல்ல ஊர். எனக்குப் பிரச்சினை ஊரோட இல்லை, நம்ம லிஸ்ட்டோடதான்.

வாட்ஸ்ஆப் குரூப்பில் சுத்துற திட்டங்களைப் பாருங்க. மூணு ராத்திரி, நாலு பகல், பதினெட்டு இடம். நாம இன்ஜினியரிங் படிக்கிறோம், கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெள்ளி காலை 9 மணிக்கு ஏர்போர்ட்டை விட்டு வெளியே வர்றீங்க. திங்கள் மதியம் 2 மணிக்குத் திரும்ப அங்கே இருக்கணும். மொத்தம் 77 மணி நேரம். தூக்கம் 21. குளியல், சாப்பாடு, ரயில், ஒருத்தருக்காக இன்னொருத்தர் காத்திருக்கிறது எல்லாம் நாளைக்கு 5 மணி நேரம்னு வெச்சா 20. மிச்சம் 36. ஒரு இடத்துக்கு ரெண்டு மணி நேரம், க்யூவில் நிற்கிறதையும் சேர்த்து!

இப்படிப் பார்த்தா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க சிங்கப்பூர் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனா போதும். வேன் வந்து நிற்கும். வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்குற மாதிரி ஒரு போட்டோ, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், மீன் வறுவல், முடிஞ்சது. அர்ச்சுனன் தபசில் ஒரு பூனை ரெண்டு காலில் நின்னு தவம் பண்ணும், அதோட காலடியில் எலிகள் இருக்கும். அதைப் பார்க்காமலே வேன் கிளம்பிடும். அவங்களைப் பார்த்து நாம சிரிக்கிறோம். மெர்லயன் வாயிலிருந்து கொட்டுற தண்ணியைக் கையில் பிடிக்கிற மாதிரி போஸ் கொடுக்கப்போற நாம மட்டும் வேற ஆளா?

"திரும்பப் போவோமான்னு தெரியாது, போனப்பவே எல்லாத்தையும் பார்த்துடணும்" என்பீங்க. நியாயம்தான். வீட்டில் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுக்கும்போது அப்படித்தான் தோணும். ஆனால் இடம் கூடக்கூட டிக்கெட் செலவும் கூடும். ஆறு பேர் இருந்தா, ரெண்டு பேருக்காவது அந்தத் தொகை வலிக்கும். அவங்க அதைக் குரூப்பில் சொல்ல மாட்டாங்க. கடைசி வாரத்தில் "வீட்ல வேலை இருக்குடா"ன்னு கழண்டுக்குவாங்க. லிஸ்ட்டைக் குறைச்சா அவங்களும் வருவாங்க. எனக்கு இதுதான் பெரிய காரணம்.

ஒரு நாளைக்கு ஒரு பகுதி, அவ்வளவுதான். சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் ரோடு மட்டுமே ஒரு நாளுக்குப் போதும். 1827-ல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் அங்கே இருக்கு. அதுக்குப் பக்கத்திலேயே, நம்ம சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் ஏறிப்போன தமிழ் முஸ்லிம்களின் ஜாமியா சூலியா பள்ளிவாசல். அதே சாலையில் புத்தர் பல் கோயில். பசிச்சா, நடந்து போற தூரத்தில் மேக்ஸ்வெல் உணவங்காடி. இன்னொரு நாள் தாவரவியல் பூங்கா. 1859-ல் தொடங்கியது, 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, நுழைவு இலவசம். அன்னைக்கு ராத்திரி கார்டன்ஸ் பை தி பேயில் 7.45-க்கும் 8.45-க்கும் நடக்கும் ஒளிக்காட்சி, அதுவும் இலவசம். காசு கட்டிப் போற இடம் ஒண்ணே ஒண்ணு, அதை ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுங்க.

மிச்சப்படும் நேரத்தையும் கவனத்தையும் பேப்பர் வேலையில் போடுங்க. பாஸ்போர்ட்டில் குறைஞ்சது ஆறு மாசம் மிச்சம் இருக்கணும். நமக்கு விசா கட்டாயம். விசா கிடைக்காட்டியும் கட்டின கட்டணம் திரும்ப வராது, அதனால் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை முந்திக்கிட்டு எடுக்காதீங்க. போய்ச் சேர்றதுக்கு முந்தைய மூணு நாளுக்குள் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்பணும். அது இலவசம். காசு கேட்கிற தளம் அரசோடது இல்லை. வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் பண்ணுங்க. கடையில் மெஷின் ரூபாயா டாலரான்னு கேட்டா, டாலரைத் தொடுங்க. ரூபாய்னு தொட்டா பெரும்பாலும் மோசமான ரேட்டில்தான் மாத்துவாங்க.

முடிஞ்சா அதுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை. அதே ஆறு பேர், வேன் இல்லாம பஸ்ஸில், மாமல்லபுரத்தில் ஒரு முழு நாள். யார் லேட்டா எழுந்திருப்பாங்க, யாருக்கு நடந்தா கால் வலிக்கும், யார் சாப்பாட்டுக்குச் சண்டை போடுவாங்கன்னு எல்லாம் தெரிஞ்சுடும். சிங்கப்பூரில் போய்க் கண்டுபிடிக்கிறதைவிட இங்கே கண்டுபிடிக்கிறது மலிவு.

இன்னைக்கே குரூப்பில் கேளுங்க: பதினெட்டில் முதல்ல எதை வெட்டலாம்?