யாருக்குக் கீழ்ப்படிதல்?

கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் நடக்கிறது. கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். உபவாசம் இருக்கிறார்கள், காணிக்கை போடுகிறார்கள், வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறார்கள். சரி, இதெல்லாம் கீழ்ப்படிதல்தானா?

சவுல் ராஜாவின் கதையைப் பாருங்கள் (1 சாமுவேல் 15). போரில் கிடைத்த ஆடுமாடு எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது கட்டளை. சவுல் கொழுத்ததை எல்லாம் பத்திரமாக ஓட்டிக்கொண்டு வந்துவிட்டு, "கடவுளுக்குப் பலியிடத்தான்" என்று கணக்குக் காட்டினார். சாமுவேல் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. பலியை வரவு வைத்துக் கீழ்ப்படியாமையைக் கழித்துக்கொள்ள முடியாது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். கடைசியில் சவுலே உண்மையை ஒத்துக்கொள்கிறார்: ஜனங்களுக்குப் பயந்து, அவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டாராம்!

இந்தப் பயம் நம் ஊரில் இல்லையா?

பெருமுக்கல்லும் மரக்காணமும் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் 2008ல் எறையூரும் இருந்தது (இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம்). அங்கே தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். ஏன் கேட்டார்கள்? கோவிலில் தனி இடம், தனிக் கல்லறை, பிணம் எடுத்துப்போகத் தனி வழி. செத்த பிறகும் சாதி! 2008 மார்ச் 9ந் தேதி அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் ஒரே பங்கு. அது எந்தக் காலம் தெரியுமா? தவக்காலம். ஈஸ்டருக்குச் சரியாக இரண்டு வாரம் இருந்தது.

உபவாசக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்கள், அயலானை நேசி என்ற கட்டளை வந்ததும் ஊர்க்கட்டுக்குக் கீழ்ப்படிந்துவிட்டார்கள்.

"இது சமூகப் பிரச்சினை, விசுவாசத்தோடு குழப்பாதீர்கள்" என்பார்கள் சிலர். அப்படியானால் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை என்ன செய்வது? அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்ட பேதுரு, தன் ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை முகத்துக்கு நேராகவே கண்டித்தார். பவுலுக்குப் பந்தியில் விலகுவது வெறும் சமூகப் பழக்கம் அல்ல, சுவிசேஷத்தையே மீறுவது.

புதுச்சேரிக் கோவிலுக்குள் சாதியைப் பிரிக்க ஒரு சுவர் இருந்ததையும், 1745ல் அது இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதற்கு 263 வருஷம் கழித்து எறையூர். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தலித் மக்களுக்காக ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒத்துக்கொண்டது. நல்லது. ஆனால் ஒத்துக்கொள்வது வேறு, கீழ்ப்படிவது வேறு. சவுலும்தான் ஒத்துக்கொண்டார்.

கீழ்ப்படிதலை நோன்பு நாட்களை எண்ணி அளக்க முடியாது. சொந்த சாதிக்காரன் முறைக்கும்போது யார் பேச்சைக் கேட்கிறோம் என்பதுதான் அளவு.

பெருமுக்கல் மலையைத் தாண்டிக் கிழக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். சாரம் போன உப்பை வெளியே கொட்டி மிதிப்பார்கள் என்று இயேசு சொன்னதை அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சபைகளுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.