பேண்டுக்கு முதலில் தேவை ஒரு ரூம்: அம்பத்தூரும் ஆவடியும் கேட்க வேண்டிய மான்செஸ்டர் கதை

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் மாட்டினால், அடுத்த நிமிஷம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். டிரம்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். ‘இந்த ஏரியாவில் இங்கிலீஷ் பாட்டெல்லாம் யார் கேட்பாங்க?’ என்ற கேள்வியும் கூடவே வரும். உண்மையில் இங்கே குறைவது ரசனையா, இடமா?

சென்னையில் நடந்திருக்கிறது

2012இல் சென்னையில் தொடங்கிய பேண்ட் ‘தி எஃப்16ஸ்’. ஆங்கிலத்தில்தான் பாடுகிறார்கள். 2013இல் ‘கலைடோஸ்கோப்’ என்ற சிறு தொகுப்பு, 2016இல் ‘ட்ரிக்கர்புங்க்டே’ ஆல்பம், 2019இலும் 2021இலும் அடுத்தடுத்த வெளியீடுகள். முதல் தொகுப்புக்கும் முழு ஆல்பத்துக்கும் நடுவே 3 வருஷம். ஒரே ராத்திரியில் வைரலாகி வந்த பெயர் இல்லை இது. வருஷக்கணக்கில் ஒன்றாக வாசித்துச் சம்பாதித்தது.

இவர்களுடைய இண்டி ராக்கில் போஸ்ட்-பங்க் சாயல் உண்டு. பங்க் இசையின் கூச்சலைக் குறைத்து, பேஸ் கிட்டாரை முன்னால் கொண்டுவந்து, மெஷின் ஓடுவது போல டிரம்ஸை அடிக்கவிட்ட பாணி அது. 1970களின் கடைசியில் பிரிட்டனில் பிறந்தது.

ஆபீஸ் போனவர்கள்தான்

அந்தப் பாணியின் பெரிய பெயர் ‘ஜாய் டிவிஷன்’. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ வாசித்தபோது, அந்தச் சின்னக் கூட்டத்தில் பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹூக்கும் இருந்தார்கள். இருவரும் பக்கத்துத் தொழில் நகரமான சால்ஃபோர்டுக்காரர்கள். பாடகர் இயன் கர்டிஸ் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்.

இவர்கள் பிராக்டிஸ் செய்தது ஒரு பழைய தொழிற்கூடக் கட்டடத்தில். 1978இல் ஹல்ம் பகுதி கிளப் ஒன்றில் ‘ஃபேக்டரி’ என்ற பெயரில் இசை இரவுகள் தொடங்கின. அதே பெயரில் வந்த லேபிள்தான் 1979இல் ‘அன்னோன் ப்ளெஷர்ஸ்’ ஆல்பத்தை வெளியிட்டது. 1980 மே மாதம் 23 வயதில் கர்டிஸ் இறந்தார். மற்ற மூவரும் ‘நியூ ஆர்டர்’ ஆகத் தொடர்ந்தார்கள்.

திறமை எல்லா ஊரிலும் இருக்கும். மான்செஸ்டரில் கூடுதலாக இருந்தவை, குறைந்த வாடகைக்கு ஒரு ரூமும் ஒரு சின்ன மேடையும்.

இங்கே என்ன செய்யலாம்?

1960களிலிருந்தே தொழிற்பேட்டை அம்பத்தூரில், டாங்கி தொழிற்சாலை ஆவடியில். ஷெட்டுக்கும் குடோனுக்கும் பஞ்சமில்லை, சம்பளம் வாங்கும் இளைஞர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஒரு கிக் பார்க்கவோ வாசிக்கவோ பெரும்பாலும் நகருக்குள்தான் போக வேண்டும். நிகழ்ச்சி சூடுபிடிக்கும் நேரத்தில் பூந்தமல்லிக்காரர் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டிருப்பார்.

‘ஆங்கிலப் பாட்டுக்கு அரசு இடமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கானாவையும் ராக்கையும் ராப்பையும் சேர்த்து 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ போன்ற தமிழ்க் குழுவுக்கும் தேவை இதே ரூம்தான். கதவுக்கு மொழி கிடையாது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. மூடிய அரங்குக்குள் விலக்கு உண்டு. கல்யாணம் இல்லாத நாட்களில் மாநகராட்சி சமூக நலக்கூடங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம். சத்தம் வெளியே போகாதபடி ஓர் அறையைத் தயார் செய்தால் போதும்.

அதன்பிறகு யாரும் வாசிக்க வரவில்லை என்றால், ‘இங்கே யாருக்கும் பிடிக்காது’ என்பதை ஒப்புக்கொள்ளலாம். அதுவரை அது வெறும் சாக்கு.